நிச்சயத் தட்டில் ஒரு போர் விமானம்

வெங்கடேஷ் அவசரக்காரர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அவர்மேல் கோபப்படுவீர்கள். பசை காயும்வரை ஒரு பிளாஸ்டிக் துண்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் காப்பி ஆறிப்போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கக்கூடிய மனிதர். பகலெல்லாம் சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை. வீட்டில் இருந்தால் மாடல் விமானங்கள். சிங்கப்பூரில், தெம்பனிஸில் அவருடைய வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்கு எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் போர்க்கால விமானங்கள் வரிசையாக நிற்கும். ஒரு சக்கரத்துக்குச் சேற்றின் நிறம் சரியாக வரவில்லை என்று ஒரு மாதம் அதைத் தொடாமல் வைத்திருந்தவர் அவர்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்காவில் ஓர் ஓட்டலில், வாழையிலைக்கு முன்னால், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த வார்த்தை அவரைப் பிறகு உட்கார விடவில்லை.

அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள்தான்: வெங்கடேஷ், அவர் மனைவி கமலா, மகள் தாரணி, வெங்கடேஷின் அக்கா ரத்தினம்மா. அப்புறம் லெவான். தாரணிக்கு நிச்சயமாகப் போகிற பையன். தஞ்சோங் பகாரில் அவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை. ஊர் ஜார்ஜியா. அமெரிக்காவில் இருக்கிற ஜார்ஜியா இல்லை. கருங்கடல் பக்கம், மலைகளுக்கு நடுவே உள்ள சின்ன நாடு. கையால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்து, ரசத்தை முழங்கைவரை வழியவிட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, ரசத்தைக் குடிக்கணும். குளிக்கக் கூடாது" என்றாள் ரத்தினம்மா.

தாரணி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். லெவான் சிரித்தான். வெங்கடேஷும் சிரித்தார். ஆனால் இந்தப் பையனோடு என்ன பேசுவது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. "வேலை எப்படி?" என்பார். "குட், அங்கிள்" என்பான். அதோடு முடிந்துவிடும்.

அன்று லெவானே ஆரம்பித்தான். கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை நீட்டினான். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். விமானத்தின் இடது இறக்கைக்கு முன்னால் ஓர் இளைஞன் நிற்கிறான். தோல் குல்லாய், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, பாதி திரும்பிய முகம்.

"அங்கிள், இது எந்த வருஷத்து விமானம்னு உங்களால சொல்ல முடியுமா?"

"இல்-2" என்றார் வெங்கடேஷ் உடனே. "ரஷ்யாக்காரன் விமானம். தாழப் பறந்து டாங்கியை அடிக்கிறது. ஏன் கேக்குற?"

தாரணிதான் அத்தைக்கும் அம்மாவுக்கும் விளக்கினாள். "அவனோட தாத்தா பேரு வானோ. அவருக்கு ஒரு அண்ணன், சந்த்ரோ. ரெண்டு பேருமே செகண்ட் வேர்ல்ட் வார்ல, ரஷ்யாப் படையில, இந்த மாதிரி பிளேன்ல பின்னாடி உக்காந்து சுடுற ஆளுங்க. அண்ணன் நாப்பத்துமூணுலயே, சம்மர்ல செத்துட்டாரு. தம்பி அடுத்த வருஷக் கடைசியிலதான் சேர்ந்தாரு, உயிரோட வந்துட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. இந்த போட்டோல இருக்கிறது யாருன்னுதான் சண்டை."

"யாருக்குள்ள சண்டை?" என்றாள் கமலா.

"இவனோட அம்மா ஏத்தெரி ஆண்ட்டி, எங்கப்பாதான்னு சொல்றாங்க. போட்டோ அவங்க வீட்டுச் சுவத்துலதான் தொங்குச்சு. அந்த அண்ணனோட பொண்ணு இருக்காங்க, நாத்தெலான்னு. அவங்க எங்கப்பாதான்னு சொல்றாங்க. அவங்க பிறந்தப்போ அவங்கப்பா வார்ல. பார்த்ததே இல்ல. வேற போட்டோவும் கிடையாது. இதுக்காகவே ரெண்டு பேரும் ரொம்ப வருஷமா பேசுறதில்ல."

"வீட்டுல இருந்த தாத்தா சொல்லியிருக்கலாமே?"

"கேட்டா எழுந்து தோட்டத்துக்குப் போயிடுவாராம்."

அடுத்த மாதம் நிச்சயத்துக்கு ஏத்தெரி முதல் முறையாகச் சிங்கப்பூர் வருகிறாள். அந்த அம்மாளுக்கு என்ன சீர் வைப்பது என்று ரத்தினம்மா ஒரு வாரமாகக் குழம்பிக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை வைத்தால் கட்டத் தெரியாது. வெற்றிலை பாக்கை என்ன செய்வாள்? இந்தப் படத்தைப் பார்த்ததும் அவள் கண் பளிச்சென்றது.

"தம்பி, நீதான் பிளேன் பிளேனா செஞ்சு அடுக்குறியே. இதே பிளேனைச் செய். ஒரு தட்டுல வைப்போம். அவங்க அப்பா ஓட்டுன பிளேன். இதைவிட என்ன மரியாதை இருக்கு?"

"ஓட்டலைக்கா, பின்னால உக்காந்து சுட்டாரு."

"எதோ ஒண்ணு. நல்ல கலரா அடி."

வெங்கடேஷ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இறக்கையில் திட்டுத்திட்டாக உருமறைப்பு வண்ணம். "மேல பச்சையும் கறுப்பும். அடியில வெளிர் நீலம்" என்றார்.

ரத்தினம்மாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "கறுப்பா? நிச்சயத் தட்டுலயா? ஏன்டா, உனக்கு ஒரே பொண்ணுடா!"

"அக்கா, அது வார் பிளேன். ரோஸ் கலர்லயா அடிப்பாங்க?"

"வேற கலர் இல்லவே இல்லையா அந்தக் காலத்துல? நல்லா பாருடா."

நல்லா பாரு. அந்த இரண்டு சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. வெங்கடேஷ் மறுபடி பார்த்தார். வேறு நிறம் உண்டுதான். போரின் பிற்பாதியில் அந்த விமானத்துக்குப் பச்சை, பழுப்பு, சாம்பல் என்று மூன்று வண்ணம் பூசினார்கள். அந்தக் காலத்தில்தான் இறக்கையும் மாறியது.

இந்த இடத்தை நீங்கள் விளங்கிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானே புரியும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். அது பழைய இறக்கை. இப்போது கைகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், ஓட ஆரம்பிக்கிற குழந்தை மாதிரி. அது புது இறக்கை. அம்பு இறக்கை என்பார்கள். நேர் இறக்கை, பச்சை கறுப்பு என்றால் நாற்பத்துமூன்று. அம்பு இறக்கை, மூன்று வண்ணம் என்றால் நாற்பத்துநான்கு. முந்தியது என்றால் படத்தில் இருப்பவன் செத்துப்போன அண்ணன். பிந்தியது என்றால் உயிரோடு திரும்பிய தம்பி.

படத்தில் இறக்கையின் முன்விளிம்பு பின்னால் சாய்ந்து போவது போலத்தான் தெரிந்தது.

"அம்பு இறக்கை" என்றார் வெங்கடேஷ். "நாப்பத்துநாலு. மூணு கலர். கறுப்பே வேண்டாம்க்கா."

"அப்படின்னா?" லெவான் எழுந்தே நின்றுவிட்டான். "அப்படின்னா என் தாத்தாவா?"

"உன் தாத்தாதான்."

அடுத்த நிமிஷம் லெவான் அம்மாவைக் காணொளியில் அழைத்துவிட்டான். சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஏத்தெரி, மகன் சொன்னதைக் கேட்டு மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு திரையை முத்தமிட்டாள். அது வெங்கடேஷுக்கான முத்தம் என்று லெவான் மொழிபெயர்த்தான். ஓட்டலே திரும்பிப் பார்த்தது. வெங்கடேஷுக்குக் காது சிவந்துவிட்டது. பையனோடு பேச அவருக்கு இப்போது எவ்வளவோ இருந்தது.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தார். அம்பு இறக்கை உள்ள மாடல் பெட்டியைக் கடையில் தேடி வாங்கினார். மகிழ்ச்சியாகத்தான் வெட்டினார், தேய்த்தார், ஒட்டினார். ஆனாலும் ஏதோ ஒன்று பல்லிடுக்கில் மாட்டிய நார் போல நெருடியது. சாப்பிடும்போது கைப்பேசியை எடுத்துப் படத்தைப் பார்ப்பார். கிடங்கில் லாரி வந்து நிற்கும், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். கமலா டிவி பார்க்கும்போது பக்கத்தில் உட்காருவார், எழுவார், அலமாரிவரை போவார், திரும்பி வருவார்.

"ஒண்ணு உக்காருங்க, இல்ல நில்லுங்க. எனக்கு தலை சுத்துது லா" என்பாள் கமலா.

பழுப்பையும் பச்சையையும் சாம்பலையும் பூசி முடித்து, கடைசியாக மேற்பூச்சு அடிப்பதற்காக மாடலைக் கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைமாடித் தோட்டத்துக்கு எடுத்துப்போனார். வீட்டில் அடித்தால் வாடை தாங்காது. உச்சி வெயில். அங்கே பக்கத்து பிளாக்கில் இருக்கும் பரீதா, சமையலில் வாசனைக்குப் போடும் பாண்டான் இலை பறித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே, இந்தத் தடவை எந்த நாட்டைத் தாக்குறீங்க?"

"சம்பந்தியம்மாவுக்குப் பரிசும்மா."

"சம்பந்தியைத் தாக்குறீங்களா! நல்லா இருக்கே." பரீதா கிட்டே வந்து குனிந்தாள். கம்பியில் குத்தி நிறுத்திய விமானம் கல்பெஞ்சுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. "நிழலைப் பாருங்கண்ணே. மேல பிளேனா இருக்கு, கீழ பருந்து மாதிரி இருக்கு."

வெங்கடேஷ் நிழலைப் பார்த்தார்.

நம் ஊர் வெயில் தலைக்கு நேர்மேலே நிற்கும் இல்லையா, அதனால் இறக்கையின் உருவம் அப்படியே கத்தரித்துப் போட்டது போல கல்லில் கிடந்தது. முன்விளிம்பு சாய்ந்திருந்தது. பின்விளிம்பு உடம்பிலிருந்து நுனிவரை ஏறக்குறைய ஒரே கோடு.

கைப்பேசியை எடுத்தார். இத்தனை நாளும் இறக்கையைப் பார்த்தார், வண்ணத்தைப் பார்த்தார், அந்த இளைஞனின் மூக்கைப் பார்த்தார். தரையைப் பார்க்கவில்லை. படத்தில் இறக்கைக்குக் கீழே வெற்றுத் தரையில் நிழல் விழுந்திருந்தது. அதன் பின்விளிம்பு உடம்பை ஒட்டி நேராக வந்து, இறக்கைத் துண்டுகள் சேருகிற இடத்தில் மடங்கி, நுனியை நோக்கி முன்னால் போனது.

அந்த மடிப்பு நேர் இறக்கைக்கு உரியது. படம் எடுக்கிறவன் நிற்கிற இடத்தைப் பொறுத்து முன்விளிம்பு எப்படி வேண்டுமானாலும் சாய்ந்து காட்டும். அதை நம்ப முடியாது. சாய்வான வெயிலும் நிழலை இழுக்கும், நீட்டும். ஆனால் ஒரு நேர்க்கோட்டை நடுவில் மடக்க வெயிலால் முடியாது.

"அண்ணே, என்னாச்சு? முகமெல்லாம் வேர்க்குது. இந்தாங்க, நிழல்ல உக்காருங்க."

"நிழல்தாம்மா" என்றார் அவர்.

வீட்டுக்கு ஓடினார். அலமாரிக்கு மேலே, எப்போதோ வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த பழைய பெட்டி ஒன்று. நேர் இறக்கை உள்ளது. ஒட்டக்கூட இல்லை, துண்டுகளைக் காகித நாடாவால் கட்டி, மறுபடி மொட்டைமாடிக்குப் போனார். கல்பெஞ்சில் வைத்து, கன்னத்தைக் கல்லோடு ஒட்டிக் குனிந்து, அந்தப் படம் எடுத்தவன் நின்ற கோணத்துக்குக் கைப்பேசியைக் கொண்டுவந்தார். பரீதா பாண்டான் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அவர் எடுத்த படத்தில் நேர் இறக்கையின் முன்விளிம்பு பின்னால் சாய்ந்து, அசல் அம்பு மாதிரியே தெரிந்தது.

தப்பிக்க வழி தேடாமல் இல்லை. அடுத்த நாள் முழுக்கத் தேடினார். பழைய விமானம் ஒன்றிரண்டு நாற்பத்துநான்கு வரை தாக்குப்பிடித்திருக்கலாமே? இருக்கலாம். ஆனால் படத்தில் வண்ணமும் இரண்டுதான். அவர் முதலில் சொன்ன பச்சையும் கறுப்பும். மூன்றாவது ஒன்றை அவர்தான் கண்ணுக்குள்ளிருந்து எடுத்துப் பூசியிருந்தார். அதிலும் அந்த விமானங்கள் கொஞ்ச நாள்தான் உயிரோடிருக்கும். பழைய இறக்கையும் பழைய வண்ணமுமாக ஒரு விமானம் ஒன்றரை வருஷம் சண்டையில் நின்று வானோவுக்காகக் காத்திருந்தது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தாரணியிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று ரயில் ஏறினார். யோசனையில் தஞ்சோங் பகாரைத் தாண்டிப் போய், ஊட்ரம் பார்க்கில் இறங்கி, திரும்பி வந்தார். அலுவலகக் கட்டடத்துக்குக் கீழே, மதியச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே சொன்னார்.

தாரணி கையிலிருந்த ஐஸ் மைலோவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "அப்பா, ப்ளீஸ். இதை இப்போ சொல்லாதீங்க."

"தப்பா சொல்லிட்டேன்மா."

"அவங்க அந்த நாத்தெலா ஆண்ட்டிக்கு போன் போட்டு, பார்த்தியா நான்தான் ரைட்டுன்னு சொல்லிட்டாங்க. சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தி, அக்கம்பக்கம் எல்லாருக்கும் விருந்து வேற. இப்போ போய் சாரி, அது உங்கப்பா இல்லன்னு சொல்வீங்களா? அவங்க என்னை முத முதலா பாக்க வர்ற அன்னைக்கா?"

"அந்த நாத்தெலா என்ன சொன்னாங்களாம்?"

தாரணி மைலோவை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"சொல்லும்மா."

"ஒண்ணும் சொல்லலையாம். சரின்னு போனை வச்சுட்டாங்களாம். எண்பது தாண்டினவங்க. என்ன சொல்வாங்க?" அவள் குரல் இறங்கியது. "அப்பா, நீங்கதான் எக்ஸ்பர்ட். யாரு செக் பண்ணப் போறாங்க?"

"யாரும் செக் பண்ண மாட்டாங்க. அதான் எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது."

"அப்போ நிச்சயம் முடியட்டும். ஒரு வாரம் கழிச்சு மெதுவா சொல்லலாம், லெவான்கிட்ட மட்டும். சரியா?"

சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் ரயிலேறினார். வீட்டில் ரத்தினம்மா வந்து உட்கார்ந்து, கமலாவோடு தட்டுகளுக்குக் கண்ணாடிக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். ரத்தினம்மா நாடாச் சுருளைக் கீழே வைத்தாள்.

"கறுப்பும் வருது, செத்தவனும் வர்றான். ரெண்டையும் சேர்த்துத் தட்டுல வைப்பியா? வேண்டாம்டா. அந்த மூணு கலர் பிளேனே அழகா இருக்கு. வை. சந்தோஷமா வாங்கிக்கட்டும்."

"அக்கா, என் நிச்சயத்தன்னைக்கு நீ என்ன செஞ்ச?"

"நான் என்ன செஞ்சேன்?"

"எனக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்ததைக் கமலா அப்பாகிட்ட சொன்னது யாரு? ஹால்ல, அத்தனை பேர் முன்னால?"

கமலா கத்தரிக்கோலோடு நிமிர்ந்தாள். "அண்ணி, எங்கப்பா கையை நீட்டிட்டாரு தட்டை வாங்க. நீங்க தட்டைப் பின்னால இழுத்துட்டீங்க. தட்டு கை மாறுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிடணும், மாறின பிறகு சொன்னா அது மறைச்சதா ஆயிடும்னு சொன்னீங்க. எங்கம்மா மயங்கி விழாத குறை."

"அது வேற. அது உடம்பு சமாசாரம்."

"இதுவும் குடும்ப சமாசாரம்தான்" என்றார் வெங்கடேஷ். "தட்டு மாறுறதுக்கு முன்னால சொல்லிடப் போறேன்க்கா. அப்புறம் அவங்க தட்டை வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி."

"வாங்காட்டி சரியா? உன் பொண்ணு மூஞ்சியைப் பாத்து இதைச் சொல்வியா நீ?"

வெங்கடேஷ் உள்ளே போய், நாடாவைப் பிரித்து, நேர் இறக்கையை ஒட்ட ஆரம்பித்தார். பச்சை பூசினார். கறுப்பைத் தொடும்போது மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

நிச்சயம் ஃபேரர் பார்க்கில், ஓர் உணவகத்தின் மாடியில் இருந்த சின்னக் கூடத்தில். காலை நேரம். பழத்தட்டு, பூத்தட்டு, இனிப்புத் தட்டு எல்லாம் சிவப்புத் துணி விரித்த மேசையில் வரிசையாக இருந்தன. கடைசித் தட்டின் மேல் மட்டும் ரத்தினம்மா ஒரு மஞ்சள் துணியைப் போட்டு மூடியிருந்தாள். வெங்கடேஷ் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தார். வேட்டி இரண்டு முறை அவிழப் பார்த்தது. தாரணி பட்டுப்புடவையில் உட்கார்ந்து, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் அப்பாவைத் தொடர்ந்தாள்.

படியேறி லெவான் வந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏத்தெரி வந்தாள். உயரமான அம்மாள். நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். உடுப்பு கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு. காலுறை கறுப்பு, செருப்பு கறுப்பு, தோளில் கிடந்த துணியும் கறுப்பு.

கமலா திரும்பி ரத்தினம்மாவைப் பார்த்தாள்.

"அவங்க ஊர்ல விதவைங்க பலபேர் இப்படித்தான், வருஷக்கணக்கா. அவங்களுக்கு இதுதான் மரியாதையான டிரஸ்" என்று தாரணி அவசரமாக அத்தையிடம் கிசுகிசுத்தாள்.

ரத்தினம்மா மூடியிருந்த தட்டைப் பார்த்தாள், வந்தவளைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

"சொல்லாதீங்க லா, அண்ணி" என்றாள் கமலா.

ஏத்தெரி தாரணியின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக் கன்னத்தில் முத்தமிட்டாள். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்து வெங்கடேஷைக் கண்டுபிடித்து, நேராக அவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொன்னாள், அதில் 'மாமா' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அவர்கள் மொழியில் அப்பாவை அப்படித்தான் சொல்வார்களாம். கையை விடவே இல்லை.

பெரியவர் ஒருவர், நல்ல நேரம் போகிறது, தட்டை எடுங்கள் என்றார். கமலா பழத்தட்டைத் தூக்கினாள்.

"கொஞ்சம் இரு" என்றார் வெங்கடேஷ். "லெவான், நான் சொல்றதை அப்படியே அம்மாகிட்ட சொல்லணும். நடுவுல நிறுத்தக் கூடாது."

தாரணி கண்களை மூடிக்கொண்டாள்.

அவர் மஞ்சள் துணியை எடுத்தார். பச்சையும் கறுப்புமாக விமானம். அன்று ஓட்டலில் சொன்னது தப்பு என்றார். கறுப்பு வேண்டாம் என்று நினைத்துப் பார்த்ததால், வேண்டியதைப் பார்த்துவிட்டேன் என்றார். கைப்பேசியில் படத்தைக் காட்டி, தரையில் கிடந்த நிழலை விரலால் தடவிக் காட்டினார். மாடலின் பின்விளிம்பில் அதே மடிப்பைக் காட்டினார். "இது நாப்பத்துமூணாம் வருஷ விமானம். நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்குச் சந்தேகம் இல்லை. இது உங்க அப்பா இல்லம்மா. உங்க பெரியப்பா. என்னை மன்னிச்சுக்குங்க."

லெவான் வெளுத்த முகத்தோடு ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னான். ஏத்தெரியின் கை வெங்கடேஷின் கையிலிருந்து விலகியது. அவள் விமானத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ரத்தினம்மா தாரணியின் தோளைப் பிடித்திருந்தாள்.

பிறகு ஏத்தெரி தணிந்த குரலில் பேசினாள். லெவான் தடுமாறித் தடுமாறி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தான். தன் படத்தைத் தானே கட்டிலுக்கு எதிரில் மாட்டிக்கொண்டு, அதையே பார்த்தபடி படுத்திருக்கிற மனுஷன் உண்டா என்று ஏத்தெரியின் அம்மா எப்போதும் அவள் அப்பாவைக் கேலி செய்வாளாம். அவர் பதிலே சொன்னதில்லையாம். "அவர் தன்னைப் பார்க்கவில்லை" என்றாள் ஏத்தெரி. அவ்வளவுதான். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். கமலா ஓடினாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு மகனிடம் கையை நீட்டிக் கைப்பேசியைக் கேட்டாள்.

"நாத்தெலா ஆண்ட்டியை கூப்பிடப் போறாங்க" என்றாள் தாரணி, நம்ப முடியாமல்.

அங்கே விடிந்தும் விடியாத நேரம். தலையில் துணி கட்டிய கிழவி ஒருத்தி திரையில் தெரிந்தாள். அவள் முகத்தில் தூக்கமும் பயமும் இருந்தன. ஏத்தெரி இரண்டே வாக்கியம் பேசினாள். கிழவி எங்கேயோ போய்விட்டாள். திரையில் ஒரு சுவரும் குளிர்காய்கிற அடுப்பும் மட்டும் தெரிந்தன. நல்ல நேரம் என்று சொன்ன பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. கிழவி கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

விமானத்தைக் காட்டச் சொன்னாள். ரத்தினம்மாதான் தட்டோடு தூக்கினாள். "இங்க பாருங்கம்மா, இதான்" என்று தமிழிலேயே சொல்லி, கைப்பேசிக்கு முன்னால் ஏந்திப் பிடித்தாள்.

நாத்தெலா ஒரு கேள்வி கேட்டாள். லெவான் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"என்ன கேக்குறாங்க?" என்றார் வெங்கடேஷ்.

"அவங்க அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார்னு கேக்குறாங்க. அங்கே சுற்றிலும் இரும்பு இருந்ததான்னு. இந்த விமானத்துக்குக் கவசம் உண்டுன்னு கேள்விப்பட்டிருக்காங்களாம்."

வெங்கடேஷ் பையனைப் பார்த்தார். பையன் இவரைப் பார்த்தான். இன்னொரு முறையா என்று அவர் நினைத்தார். இன்றைக்கு ஒன்று போதாதா? 'இருந்தது' என்றால் ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

தட்டின் காகிதத்தில் குத்தியிருந்த குண்டூசி ஒன்றை எடுத்து, அதன் நுனியால் விமானியின் இருக்கைக்குப் பின்னால் இருந்த சின்னக் குழியைத் தொட்டார். "இங்கே. பின்பக்கம் பார்த்தபடி. உட்கார ஒரு துணிப்பட்டைதான். கவசம் இன்ஜினையும் விமானியையும் சுத்தி இருக்கும், ஏறக்குறைய இதோ இந்த இடத்துல முடிஞ்சிடும். இவருக்கு வால் பக்கம் ஒரு தகடு, அவ்வளவுதான். இவர் கவசத்துக்கு வெளியேதாம்மா உட்கார்ந்திருந்தார்."

லெவான் சொன்னான். கிழவி தலையை மெல்ல ஆட்டினாள். அவள் பேசியது நீளமாக இருந்தது. நடுவில் ஏத்தெரி வாய்விட்டு அழுதாள்.

"அன்னைக்கு விமானம் நல்லபடியா திரும்பி வந்துச்சாம்" என்றான் லெவான். "விமானிக்கு ஒரு கீறல்கூட இல்லையாம். அவங்க அப்பா மட்டும் செத்திருந்தாராம். ஒரே வண்டியில ரெண்டு பேர் போய், ஒருத்தன் மட்டும் சாவானா, செத்தவன் ஏதோ தப்பு பண்ணியிருக்கான்னு ஊர்ல பேசினாங்களாம். அவங்க அம்மா அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டே செத்துட்டாங்களாம்." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "இன்னொரு தடவை காட்டச் சொல்றாங்க, அங்கிள். அந்த இரும்பு முடியிற இடத்தை."

வெங்கடேஷ் தட்டின் பக்கம் குனிந்து, ஊசி நுனியை அந்தக் கோட்டில் வைத்து அசையாமல் பிடித்தார். ரத்தினம்மாவின் கையில் தட்டு மெல்லச் சாய்ந்தது. தாரணி எழுந்து வந்து தட்டுக்கு அடியில் தன் கையையும் கொடுத்தாள்.